கத்தோலிக்கர் என்னும் பெயர் யாருக்கு உரியது?

கோட்டயத்திலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் வழங்கும் மலையாளத்தில் ஒரு குறிலும் நெடிலும் இரண்டு திருச்சபைகளைப் பிரிக்கின்றன. ‘கத்தோலிக்கா’ என்றால் உரோமைத் திருத்தந்தையோடு உறவுகொண்ட சபை. ‘காதோலிக்கா’ என்றால் அவ்வுறவை ஏற்காத மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையின் தலைமை ஆயர். இரண்டும் ஒரே கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தவை. ஞாயிறு வழிபாட்டில் இரு சபையினரும் தத்தம் ஆலயங்களில் நின்று, ஒரே, பரிசுத்த, பொதுவான, திருத்தூதர் வழிவந்த திருச்சபையை நம்புவதாக அறிக்கையிடுகின்றனர். அந்த அறிக்கையிலும் அதே சொல்லே இருக்கிறது.

எனில், எந்தெந்தக் கிறித்தவச் சபைகள் தம்மைக் கத்தோலிக்கம் என்று அழைத்துக்கொள்ளலாம்? திருத்தந்தையை ஏற்பவர் கத்தோலிக்கர், ஏற்காதவர் அல்லர் என்று பலரும் ஒரே வரியில் விடை கூறிவிடுவர். அன்றாடப் பேச்சுக்கு அந்த விடை போதும். வரலாற்றுக்கு அது போதாது. அந்த ஒரு வரிக்குள் அடங்காமல் வாழ்ந்து மறைந்த மனிதர்கள் நம் நாட்டிலேயே இருந்திருக்கின்றனர். அவர்களுள் ஒருவரைப் பற்றிச் சொல்வதற்காகவே இப்பதிவு. அதற்கு முன் அச்சொல் நடந்துவந்த வழியைச் சற்றுப் பார்த்துவிடுவது நல்லது.

சொல்லும் அரசாணையும்

‘முழுமைக்கும் உரிய’, ‘எங்கும் பரந்த’ என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லைத் திருச்சபைக்கு அடைமொழியாக முதலில் எழுதியவராக நமக்குத் தெரிபவர் அந்தியோக்கியாவின் ஆயர் இக்னாத்தியுஸ். இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மரண தண்டனைக்காக உரோமைக்குக் கொண்டுசெல்லப்படும் வழியில், சுமிர்னா நகரத்துச் சபைக்கு எழுதிய மடலில் அவர் இச்சொல்லை ஆண்டார். அங்கு அது ஒரு பிரிவின் பெயராக நிற்கவில்லை. ஊர்தோறும் உள்ள சபைகள் அனைத்தையும் ஒருசேரச் சுட்டும் பொதுச்சொல்லாகவே நின்றது.

நான்காம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. ஒரே நகரில் ஒன்றுக்கு மேற்பட்ட கிறித்தவக் குழுக்கள் ஒன்றையொன்று மறுத்து நின்றன. புதிய ஊருக்குச் செல்பவர் ‘ஆலயம் எங்கே?’ என்று மட்டும் கேட்டால் போதாது, ‘கத்தோலிக்க ஆலயம் எங்கே?’ என்று கேட்க வேண்டும் என எருசலேம் ஆயர் சிரில் திருமுழுக்குப் பெறவிருந்தோருக்கு அறிவுறுத்தினார். அப்படி ஒருவர் கேட்டால் மாற்றுக் கொள்கையினரும் தம் கட்டடத்தைக் காட்டத் துணியமாட்டார் என்று அகுஸ்தீன் பின்னர் வாதிட்டார். பொதுச்சொல் முகவரியாக மாறிவிட்டதை இவ்விரு சான்றுகளும் காட்டுகின்றன.

380 பிப்ரவரி 27ஆம் நாள் பேரரசர் தெயோதோசியுஸ் பிறப்பித்த ஆணை இன்னும் ஒரு படி சென்றது. உரோமை ஆயர் தமாசுவும் அலெக்சாந்திரியா ஆயர் பேதுருவும் கைக்கொண்ட நம்பிக்கையைப் பின்பற்றுவோரே கத்தோலிக்கக் கிறித்தவர் என்னும் பெயரைத் தாங்கலாம் என அது விதித்தது. யார் எப்பெயரால் அழைக்கப்படலாம் என்பது அன்றுமுதல் அரசின் அலுவலும் ஆயிற்று.

இதன் விளைவை 411இல் கார்த்தேஜ் நகரில் நடந்த மாநாட்டில் காணலாம். வட ஆப்பிரிக்கக் கிறித்தவம் அப்போது தொனாத்தியர், அவர்களை எதிர்த்தோர் என இரண்டாகப் பிளந்திருந்தது. இரு தரப்பிலும் ஏறத்தாழ 280 ஆயர்கள். கத்தோலிக்கர் என்னும் பெயர் யாருக்கு என்பதே அங்கு ஒரு வழக்காயிற்று. உலகெங்கும் பரந்திருக்கும் சபைகளோடு உறவுகொண்டவர் நாங்கள், ஆகவே பெயர் எங்களுக்கு என்றது அகுஸ்தீனின் தரப்பு. கத்தோலிக்கம் என்பது நிலப்பரப்பைக் குறிப்பதன்று, திருவருட்சாதனங்களின் நிறைவைக் குறிப்பது, ஆகவே பெயர் எங்களுக்கு என்றனர் தொனாத்தியர். நடுவராக வந்த அரச அதிகாரி மார்செல்லினுஸ், பேரரசரின் ஆணை எத்தரப்பை அப்பெயரால் சுட்டியதோ அத்தரப்பையே தாமும் அவ்வாறு அழைப்பதாகக் கூறினார். இறையியலர் முடிக்க இயலாத வழக்கை ஆவணத்தின் வாசகம் முடித்துவைத்தது.

மூன்று அளவுகோல்கள்

இவ்வரலாற்றிலிருந்து மூன்று அளவுகோல்களைப் பிரித்தெடுக்கலாம். பிற்காலத்துச் சச்சரவுகள் யாவும் இவற்றைச் சுற்றியே நிகழ்ந்தன.

முதலாவது, நம்பிக்கை. 381ஆம் ஆண்டுக் கான்ஸ்தாந்திநோபிள் பொதுச்சங்கத்தோடு இணைத்துப் பேசப்படும் நம்பிக்கை அறிக்கையை ஏற்பவர் எல்லாரும் அதிலுள்ள ‘கத்தோலிக்க’ என்னும் சொல்லையும் ஏற்கின்றனர். இவ்வளவுகோலின்படி ஆர்த்தடாக்ஸ் சபையினர், ஆங்கிலிக்கர், லுத்தரன்கள் எனப் பலரும் உரிமை கோரலாம், கோரியும் வருகின்றனர். தமிழில் இவ்வுரிமைக் கோரிக்கை கண்ணுக்குத் தெரியாமற்போனதற்கு மொழிபெயர்ப்பும் ஒரு காரணம். உரோமைச் சபையினர் ‘கத்தோலிக்க’ என்று ஒலிபெயர்த்தனர். சீர்திருத்தச் சபையினரோ ‘பொது’ என்று பொருள்பெயர்க்கும் வழக்கத்தைக் கொண்டனர். மூலத்தில் சொல் ஒன்று. தமிழில் ஒன்று பெயராகவும் மற்றொன்று பண்பாகவும் நின்றுவிட்டன.

இரண்டாவது, திருத்தூதர் வழிமரபு. ஆயர் ஆயரைத் திருநிலைப்படுத்தும் சங்கிலி அறாமல் வந்திருக்க வேண்டும் என்பது இதன் அடிப்படை. நெதர்லாந்தின் உத்ரெக்ட் சபை 1724இல் உரோமையின் இசைவின்றித் தனக்கு ஒரு பேராயரைத் திருநிலைப்படுத்திக்கொண்டது. 1870இல் முதலாம் வத்திக்கான் சங்கம் திருத்தந்தையின் வழுவாமையை அறிவித்தபோது அதனை ஏற்க மறுத்த ஜெர்மானிய, சுவிஸ், ஆஸ்திரியக் கத்தோலிக்கர்கள் இவ்வழியில் ஆயர்களைப் பெற்றனர். 1889இல் உத்ரெக்டில் கூடி ஒன்றியமாயினர். ‘பழைய கத்தோலிக்கர்’ என்பது அவர்கள் பெயர். மாறியது உரோமையே, நாங்கள் அல்லோம் என்னும் வாதம் அந்த ‘பழைய’ என்னும் அடைமொழிக்குள் இருக்கிறது.

மூன்றாவது, உறவு ஒன்றிப்பு. உரோமை ஆயரோடு உறவில் இருப்பதே கத்தோலிக்கத்தின் முத்திரை என்பது உரோமையின் நிலைப்பாடு. இதை வைத்துக்கொண்டு ‘உரோமை’ என்னும் அடைமொழியை அச்சபை எப்போதும் விரும்பி ஏற்றது என்று கருதிவிடலாகாது. 1870ஆம் ஆண்டுச் சங்கத்தில் ‘புனித உரோமைக் கத்தோலிக்கத் திருச்சபை’ என்று தொடங்கிய வரைவுக்கு இங்கிலாந்து ஆயர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஒரே மரத்தின் கிளைகளாக உரோமைக் கத்தோலிக்கம், ஆங்கிலக் கத்தோலிக்கம் எனப் பல உண்டு என்ற ஆங்கிலிக்கர் சிலரின் கருத்துக்கு அது இடம் கொடுத்துவிடும் என்பது அவர்கள் அச்சம். இறுதி வாசகத்தில் ‘புனித, கத்தோலிக்க, திருத்தூதர் வழி, உரோமைத் திருச்சபை’ என்று சொற்கள் இடம் மாறின.

கேரளம் கற்பிப்பது

உரோமையோடு உறவு என்றால் இலத்தீன் முறை என்று நினைப்போருக்குக் கேரள வரலாறு நல்ல மருந்து. தோமா வழிக் கிறித்தவர்கள் போர்த்துகீசியர் வருமுன் பாரசீகத்துக் கிழக்குத் திருச்சபையிலிருந்து ஆயர்களைப் பெற்றுவந்தவர்கள். அத்திருச்சபையின் தலைவருக்கும் ‘காதோலிக்கோஸ்’ என்பதே பட்டம். 1599இல் உதயம்பேரூரில் கோவாப் பேராயர் கூட்டிய சங்கம் அவர்களை இலத்தீன் ஒழுங்குக்குள் கொண்டுவர முற்பட்டது. 1653 ஜனவரி 3ஆம் நாள் மட்டாஞ்சேரியில் கூனன் குரிசு உறுதிமொழி வெடித்தது. பிளவுக்குப்பின் உரோமையோடு நின்றவர் ‘பழையகூற்றுக்காரர்’ எனவும், அந்தியோக்கியாவோடு உறவுகொண்டவர் ‘புத்தன்கூற்றுக்காரர்’ எனவும் பெயர்பெற்றனர். ஐரோப்பாவில் உரோமையைப் பிரிந்தவர் ‘பழைய’ என்ற சொல்லைச் சூடினர். கேரளத்தில் உரோமையோடு நின்றவர் அதனைச் சூடினர். அடைமொழிகள் உண்மையை அறிவிப்பதைவிட உரிமையை அறிவிக்கவே பயன்பட்டன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1930 செப்டம்பர் 20ஆம் நாள் மார் இவானியோஸ் மலங்கரைச் சபையிலிருந்து உரோமையோடு இணைந்தார். சீரோ மலங்கரைக் கத்தோலிக்கச் சபை அவ்வாறு உருவாயிற்று. இன்று அச்சபையின் தலைவரும் ‘காதோலிக்கோஸ்’ என்ற பட்டத்தைத் தாங்குகிறார். ஆக, கத்தோலிக்கரல்லாத காதோலிக்கோசும் கத்தோலிக்கராகிய காதோலிக்கோசும் ஒரே மாநிலத்தில் உள்ளனர். உரோமையோடு உறவுகொண்ட தன்னாட்சித் திருச்சபைகள் உலகில் 24. அவற்றுள் இலத்தீன் ஒன்று, கீழைத் திருச்சபைகள் 23. இந்தியாவில் இலத்தீன், சீரோ மலபார், சீரோ மலங்கரை என மூன்றும் செயல்படுகின்றன.

இடையில் நின்ற ஒரு மனிதர்

இம்மூன்று அளவுகோல்களும் ஒருவரை மூன்று பக்கமும் இழுத்தால் என்னவாகும்? அந்தோனியோ பிரான்சிஸ்கோ சேவியர் ஆல்வாரஸின் வாழ்வு அதற்கு விடை.

1836இல் கோவாவின் வெர்ணா ஊரில் பிறந்த ஆல்வாரஸ், உரோமைச் சபையின் குரு, இதழாளர், தேவாலய அதிகாரத்தையும் போர்த்துகீசிய அரசையும் ஒருங்கே விமரிசித்ததால் இரு தரப்பின் சினத்துக்கும் ஆளானவர். அவர் காலத்தில் இந்தியக் கத்தோலிக்கரை இரண்டு அதிகாரங்கள் பங்கிட்டிருந்தன. ஒன்று, போர்த்துகல் அரசருக்குத் திருத்தந்தையர் முன்னாளில் வழங்கிய பதுரவாதோ எனும் புரவலர் உரிமை. மற்றொன்று, 1622இல் உரோமை நிறுவிய மறைபரப்புப் பேராயத்தின் நேரடி ஆட்சி. மயிலாப்பூர் முதல் கொச்சி வரை, ஒரே ஊரில் கோவாக் குருவின் கோயில் ஒன்றும் உரோமை அனுப்பிய குருவின் கோயில் ஒன்றும் எதிரெதிர் நின்ற காலம் அது.

1886இல் உரோமையும் போர்த்துகலும் செய்துகொண்ட உடன்பாடு பதுரவாதோவின் எல்லையைச் சுருக்கியது. இலங்கையில் அவ்வுரிமை அடியோடு நீங்கியது. தலைமுறைகளாகக் கோவாக் குருக்களிடம் திருமுழுக்கும் திருமணமும் பெற்றுவந்த மக்கள், தம்மைக் கேளாமலே வேற்றுக் குருக்களிடம் ஒப்படைக்கப்பட்டதாக உணர்ந்தனர். கொழும்பில் மருத்துவர் லிஸ்போவா பிந்தோ எதிர்ப்புக்குத் தலைமை ஏற்றார். இலங்கையின் முதல் தொழிற்சங்கமான அச்சுத் தொழிலாளர் சங்கம் 1893இல் உருவானபோது முன்னின்றவருள் அவரும் ஒருவர். மன்னார்ப் பகுதியிலும் தென் கன்னடத்துப் பிரம்மாவரிலும் மக்கள் அவ்வழியே திரும்பினர்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவர்கள் எவரும் புதிய கொள்கை தேடிப் பிரியவில்லை. பாடற்பூசையும் புனிதர் விழாக்களும் தேர்ப்பவனியும் மாறாதிருக்க வேண்டும் என்பதே அவர்கள் விருப்பம். ஆனால் ஆயர் இல்லாமல் குருக்கள் இல்லை. குருக்கள் இல்லாமல் திருவருட்சாதனங்கள் இல்லை. உரோமை தராத ஆயரை எங்கிருந்து பெறுவது?

ஆல்வாரஸ் கோட்டயத்துக்குச் சென்றார். அந்தியோக்கியாவின் முதுபெரும் தந்தை இக்னாத்தியுஸ் பேதுருவின் இசைவுடன், 1889 ஜூலையில் கோட்டயம் பழைய செமினாரியில் மலங்கரை ஆயர்கள் அவரை ‘மார் யூலியோஸ்’ என்ற பெயரில் ஆயராகத் திருநிலைப்படுத்தினர். உத்ரெக்டில் பழைய கத்தோலிக்கர் ஒன்றியம் பிறந்ததும் அதே ஆண்டில்தான். கோவா, இலங்கை, இந்தியாவுக்கான சுதந்திரக் கத்தோலிக்கச் சபை எழுந்தது. அந்தியோக்கியாவின் அதிகாரத்தை ஏற்றுக்கொண்டே இலத்தீன் வழிபாட்டைத் தொடர்ந்தது அச்சபை. சீரியத் தலைமை, இலத்தீன் பூசை, கோவாக் குருக்கள், கத்தோலிக்கப் பெயர்! எந்தப் பாடநூலின் அட்டவணையிலும் இதற்குக் கட்டம் இல்லை.

அங்கிருந்து கிளைத்த வழிமரபு இன்னும் வியப்புக்குரியது. பாரிசில் பிறந்து, அமெரிக்காவின் விஸ்கான்சினில் பெல்ஜியக் குடியேறிகளிடையே பணிசெய்த ஜோசப் ரெனே விலாத், பழைய கத்தோலிக்கக் குருவாக இருந்தும் உத்ரெக்ட் வழியில் ஆயர் பட்டம் பெற இயலாதவர். அவர் கொழும்புக்குக் கப்பலேறினார். 1892 மே 29ஆம் நாள் அங்கு ஆல்வாரஸ் அவரை ஆயராக்கினார். விலாத் 1921இல் ஜார்ஜ் அலெக்சாந்தர் மெக்குவயரை ஆயராக்கினார். அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கென எழுந்த ஆப்பிரிக்க ஆர்த்தடாக்ஸ் சபையின் தலைவர் அவர். இவ்வழியைச் சொல்லிக்கொண்ட சிறு குழுக்கள் மேலைநாடுகளில் பெருகின. இறுதியில் 1938இல் அந்தியோக்கியச் சீரிய முதுபெரும் தந்தையகமே விலாத் வழிவந்தோரைத் தன் உறவினராக ஏற்கவில்லை என அறிவித்தது. விலாத்தோ அதற்கு முன்பே, 1925இல் உரோமையுடன் ஒப்புரவாகிவிட்டிருந்தார். வழிமரபு என்னும் அளவுகோலை மட்டும் தனித்துப் பிடித்தால் அது எவ்வளவு தூரம் இழுத்துச்செல்லும் என்பதற்கு இச்சங்கிலி சான்று.

ஆல்வாரஸுக்கு இத்தகைய அலைச்சல் வாய்க்கவில்லை. பிற்காலத்தில் அவர் கோவாவில் இருந்தார். 1895இல் கைதுசெய்யப்பட்டு ஆயர் கோலம் களையப்பட்டார். காலரா நோயாளிகளுக்கும் ஆதரவற்றோருக்கும் பணிசெய்தார். நோயாளிகள் பயன்பெறக் காலரா சிகிச்சை குறித்துக் கைந்நூல் ஒன்றும் எழுதினார். 1923 செப்டம்பர் 23ஆம் நாள் ரிபந்தார் மருத்துவமனையில் இறந்தார். ஏழைகள் பெருந்திரளாக வந்து அஞ்சலி செலுத்தினர். ஆனால் அவருடல் இறுதிச் சடங்கேதுமின்றிக் கல்லறைத் தோட்டத்தின் ஒதுக்குப்புறத்தில் புதைக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குப்பின் நண்பர்கள் எலும்புகளை எடுத்துக் கல் நாட்டினர். அதில் பொறித்த போர்த்துகீசிய வாசகம் அவரைக் குரு என்றும், மனிதநேய மறைப்பணியாளர் என்றும், நாட்டுப்பற்றாளர் என்றும் சொல்கிறது. ஆயர் என்று சொல்லவில்லை. கத்தோலிக்கர் என்றோ ஆர்த்தடாக்ஸ் என்றோ சொல்லவில்லை. வாழ்நாளெல்லாம் எப்பெயருக்காகப் போராடினாரோ அப்பெயர் அவர் கல்லறைமேல் இல்லை.

பிற்காலத்தில் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையினர் அக்கல்லறையைத் தேடிக் கண்டனர். இன்று ரிபந்தாரிலுள்ள தம் மரியன்னை ஆலயத்தில் அவருடைய எச்சங்களை வைத்துப் போற்றுகின்றனர். பிரம்மாவரில் குரு ரோக் செபிரின் நொரோஞா காத்த சமூகமும் அச்சபையிலேயே நிலைத்தது. 2010இல் அவ்வூரைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு மறைமாவட்டமும் அமைந்தது. கத்தோலிக்கர் என்ற பெயரோடு புறப்பட்டவர்கள் ஆர்த்தடாக்ஸ் என்ற பெயரில் இல்லம் கண்டனர்.

சட்டம் என்ன சொல்கிறது?

உரோமையின் 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, உரிய திருச்சபை அதிகாரியின் இசைவின்றி எந்தக் கழகமும் ‘கத்தோலிக்க’ என்னும் பெயரைச் சூடலாகாது என 300ஆம் விதியில் கூறுகிறது. அது அச்சபையின் உறுப்பினரைக் கட்டுப்படுத்தும் உள்விதி. வெளியே நிற்பவரை அது கட்டாது.

நாட்டுச் சட்டத்தில், 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டம் உரோமைத் திருத்தந்தையைத் தன் ஆன்மிகத் தலைவராகக் கொள்ளும் சபையையும் அதன் உறுப்பினரையுமே ‘ரோமன் கத்தோலிக்’ என வரையறுத்தது. ‘கத்தோலிக்’ என்ற தனிச்சொல்லுக்கு அங்கு வரையறை இல்லை. ஆங்கிலேயச் சட்டமொழியில் ஊறிப்போன அந்த முன்னொட்டே பின்னர் நம் ஊர்களில் ‘ஆர்.சி. கோயில்’, ‘ஆர்.சி. பள்ளிக்கூடம்’ எனச் சுருங்கி நிலைத்தது.

குடியரசு இந்தியாவில் 26ஆம் உறுப்பு ஒவ்வொரு சமயப் பிரிவுக்கும் தன் சமய அலுவல்களைத் தானே நடத்தும் உரிமையைத் தருகிறது. சமயப் பிரிவு என்பது எது? 1954இல் சிரூர் மடத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் பொது நம்பிக்கை, பொது அமைப்பு, தனித்து அடையாளம் காட்டும் பெயர் ஆகியவற்றைச் சுட்டியது. இங்கு ஒரு முரண் எழுகிறது. பிரித்துக்காட்டும் பெயரைச் சட்டம் கேட்கிறது. கத்தோலிக்கம் என்ற சொல்லோ பிரிவற்ற முழுமையைப் பொருளாகக் கொண்டது. ஆகவே அச்சொல்லைத் தாங்கும் ஒவ்வொரு சபையும் சிரோ மலபார், மலங்கரை, பழைய, சுதந்திர என்று ஏதேனும் ஓர் அடைமொழியை முன்வைத்தே அடையாளம் பெற வேண்டியிருக்கிறது.

முடிவாக

யார் கத்தோலிக்கர் என்று எவரேனும் கேட்டால், எந்த அளவுகோலால் என்று முதலில் திருப்பிக் கேட்க வேண்டும். நம்பிக்கை அறிக்கையால் அளந்தால் பட்டியல் மிக நீளும். வழிமரபால் அளந்தால் சுருங்கும். உரோமை உறவால் அளந்தால் 24 திருச்சபைகளில் நிற்கும். மூன்றையும் கலந்து, தமக்கு வேண்டியபோது வேண்டியதை எடுத்துப் பேசும்போதுதான் சச்சரவு பிறக்கிறது.

வரலாற்று மாணவருக்கு இதில் ஒரு கடமையும் உண்டு. கோவா, இலங்கைச் சுதந்திரக் கத்தோலிக்கரை உரோமைச் சார்பு நூல்கள் ‘பிளவினர்’ என்ற ஒரே சொல்லில் கடந்துவிடுகின்றன. மலங்கரைச் சார்பு நூல்கள் அவர்களைத் தொடக்கம் முதலே ஆர்த்தடாக்ஸ் என்று எழுதுகின்றன. இரண்டிலும் அம்மக்கள் தம்மை எப்படி அழைத்துக்கொண்டனர் என்பது மறைந்துபோகிறது. ஒரு சபைக்கு ஒரு பெயர் உரியதா என்று தீர்ப்பதை இறையியலருக்கும் ஆயர்களுக்கும் விட்டுவிடலாம். அவர்கள் எந்தப் பெயரைக் கேட்டார்கள், அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்று பிழையின்றி எழுதிவைப்பது நம் வேலை.